எங்க வீட்டு இரண்டாம் உலகப் போர்

வாரத்துக்கு ஒரு முட்டை. இரண்டு அவுன்ஸ் வெண்ணெய். இரண்டு அவுன்ஸ் டீத்தூள். எட்டு அவுன்ஸ் சர்க்கரை. நாலு அவுன்ஸ் உப்புப் போட்ட பன்றிக்கறி. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஒரு ஆளுக்கு அரசாங்கம் அளந்து கொடுத்த பங்கு ஏறக்குறைய இதுதான். மாசத்துக்கு மாசம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும்.

வெள்ளைக்காரர்கள் இதை இன்னும் மறக்கவில்லை. அந்தக் கால ரேஷன் புத்தகங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த அளவுச் சாமானில் குடித்தனம் நடத்திப் பார்க்கிற டி.வி. நிகழ்ச்சிகூட உண்டு. 'எங்க பாட்டி கஷ்டப்பட்டாள்' என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை. இருக்கட்டும். கஷ்டப்பட்டவர்கள்தான்.

ஆனால் சார், அதே போரில் எங்க ஆச்சியும் இருந்தாளே! தூத்துக்குடியில், சிவன் கோயில் பக்கத்துச் சந்து ஒன்றில், 12 வயசுப் பெண்ணாக. அவளுக்கு யார் கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள்? (முட்டையிலும் பன்றிக்கறியிலும் ஆச்சிக்கு நஷ்டம் ஏதுமில்லை. நாங்கள் சைவம். மற்ற அயிட்டங்களைப் பற்றித்தான் பேச்சு.)

முதல் உலகப் போர் தமிழனுக்கு ஒரே ஒரு வார்த்தையைத்தான் கொடுத்தது. 1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி மதராஸ் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் எம்டன். அதிலிருந்து இன்றுவரை, கொஞ்சம் விவரமான ஆசாமி என்றால் 'அவன் பெரிய எம்டன்ல்லா!' என்கிறோம். இரண்டாவது போர் அப்படியில்லை. ஒரு அகராதியே கொடுத்தது. ரேஷன், கண்ட்ரோல், கோட்டா, பர்மிட், க்யூ, பிளாக்... ஆச்சிக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் இந்த ஆறு வார்த்தையும் தமிழ் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொழும்பு வெளிநாடு இல்லை. மேப்பை எடுத்து ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நேர்கோட்டில் கொழும்பு சுமார் 280 கிலோமீட்டர். மதராஸ் கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு. எங்க ஊர்த் தோணிகள் பாய் விரித்து வெங்காயமும் மிளகாயும் ஓடும் துணியும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வரும். வீட்டுக்கு ஒருத்தர் அங்கே கடையில் இருப்பார். ஆச்சியின் அப்பாவும் அங்கேதான், ஒரு துணிக்கடையில் கணக்குப்பிள்ளை. மாசா மாசம் மணியார்டர் வரும்.

1942 ஏப்ரல் 5. ஈஸ்டர் ஞாயிறு. பனிமய மாதா கோயிலில் பூசைக்குப் போய்விட்டு ஜனங்கள் வீடு திரும்புகிற காலை நேரத்தில், ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாளே விசாகப்பட்டினம், காக்கிநாடா. ஒன்பதாம் தேதி திருகோணமலை. வங்கக் கடலில் வேண்டிய இடத்துக்கு வந்து வேண்டிய நேரத்தில் போட்டுவிட்டுப் போகிறான். அடுத்தது எந்த ஊர்?

சேதி வந்து சேர்ந்த அன்றைக்கு ஆச்சி வீட்டில் அடுப்பு எரியவில்லையாம். தந்தி கிடையாது, கடிதாசு கிடையாது. கொழும்பிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறித் தலைமன்னாருக்கு ஓடி, அங்கேயிருந்து கப்பலேறித் தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எட்டாம் நாள் ஆச்சியின் அப்பாவும் வந்து இறங்கினார். கையில் ஒரு குடை, ஒரு கணக்கு நோட்டு.

"ஏன் குடையை எடுத்துட்டு வந்தாக?" என்று நான் சின்னப் பையனாக இருந்தபோது ஆச்சியைக் கேட்டிருக்கிறேன்.

"குண்டு மேலயிருந்துல்லா விழுது!" என்றாள்.

இங்கிலாந்தில் போர் ஆரம்பித்த முதல் மூன்று நாளில் 15 லட்சம் பேரை, பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை, கழுத்தில் பெயர்ச்சீட்டுத் தொங்கவிட்டு ரயிலேற்றிக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். பக்கா திட்டம். நம் பக்கத்தில் நடந்தது வேறு மாதிரி. மதராஸில் 1942 ஏப்ரலில் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் சர்க்கார், அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றது. அவ்வளவுதான். பட்டணமே மூட்டை கட்டியது. ஹைகோர்ட் கோயமுத்தூருக்கு, தலைமைச் செயலக ஆபீஸ்கள் ஊட்டிக்கு என்று ஆளுக்கொரு திசை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பாவம், அவற்றுக்கு ஊட்டியில் இடம் கிடைக்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து, 1943 அக்டோபரில், ஒற்றை ஜப்பான் விமானம் மதராஸுக்கு வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. பயந்ததற்கு அதுதான் ரசீது.

தூத்துக்குடியிலும் வசதி உள்ளவர்கள் உள்நாட்டுக்கு நகர்ந்தார்கள். ஆச்சி குடும்பம் மாட்டு வண்டியில் ராத்திரியோடு ராத்திரியாக ஸ்ரீவைகுண்டத்துக்குப் போனது. அங்கே ஒரு பெரியப்பா. தாமிரவருணிப் பாசனம், நெல் உண்டு. ஆனால் பெரியப்பா வீட்டில் பெரியம்மையும் உண்டே! இரண்டே மாசத்தில் "ஜப்பான்காரன் தேவல" என்று திரும்பி வந்துவிட்டார்கள்.

இருட்டடிப்பு என்று சொன்னார்கள். மேலே பறக்கிறவன் கண்ணுக்கு வெளிச்சம் படக்கூடாது. லண்டனில் இதைக் கடைப்பிடிக்கப்போய், இருட்டில் கார் மோதிச் செத்தவர்கள் ஏராளம். எங்க ஆச்சி தெருவில் அணைப்பதற்கே நாலு விளக்குதான். அதுவும் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க்கு நாம் நம்பியிருந்தது பர்மாவை. 1942 மார்ச் 8-ம் தேதி ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்ததோடு அதுவும் போச்சு. ஜப்பான்காரனுக்குப் பயந்து பாதி இருட்டு, மண்ணெண்ணெய் கிடைக்காமல் மீதி இருட்டு. சர்க்கார் உத்தரவுக்கு இவ்வளவு ஒழுங்காகக் கீழ்ப்படிந்த தெரு வேறு இருக்க முடியாது.

பகலிலும் குழப்பம்தான். 1942 செப்டம்பர் 1-ம் தேதியிலிருந்து 1945 அக்டோபர் 15 வரை இந்தியா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க. (இங்கிலாந்தில் கோடையில் இரண்டு மணி நேரமே தள்ளினார்கள்.) தூத்துக்குடியில் மில் சங்கு புது டயத்துக்கு ஊதியது. கோயில் மணி பழைய டயத்துக்கு அடித்தது. சாமிக்கு யார் உத்தரவு போடுவது? "எந்த டயத்துக்குப் பசிச்சாலும் சோறு ஒரே அளவுதான்" என்பாள் ஆச்சி.

சோறு. விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

போருக்கு முன்னால் பர்மாவிலிருந்து வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து லட்சம் டன் அரிசி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. மொத்த விளைச்சலோடு பார்த்தால் சின்னப் பங்குதான். ஆனால் மேலே இருக்கிற அந்தச் சின்னப் பங்குதான் விலையைக் கட்டுக்குள் வைக்கிறது. அது நின்றதும் வியாபாரி பதுக்கினான். வியாபாரி பதுக்குகிறான் என்று தெரிந்ததும் வீட்டுக்காரனும் பதுக்கினான். கப்பலெல்லாம் போருக்குப் போய்விட்டது. ரயிலில் பட்டாளத்துக்குத்தான் முதல் இடம். பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பஸ்கள் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, மேட்டைக் கண்டால் ஜனங்களை இறக்கிவிட்டுத் தள்ளச் சொல்லி, புகை விட்டுக்கொண்டு ஓடின. ஒரு ஜில்லாவில் மிஞ்சினதை இன்னொரு ஜில்லாவுக்குக் கொண்டுபோக முடியவில்லை.

ரேஷன் வந்தது இப்படித்தான். 1943-ல் கிரிகரி என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி உட்கார்ந்து, பெரிய ஊர்களில் எல்லாம் ரேஷன் வேண்டும், வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்ட் தானியம் தரலாம் என்றது. ஒரு பவுண்ட் என்றால் 454 கிராம். 1946-ல் அது 12 அவுன்ஸ் ஆனது. 340 கிராம். 'அடேயப்பா, அவ்வளவா? நான் நூறு கிராம்தான் சாப்பிடுகிறேன்' என்று டயட்டில் இருக்கிறவர்கள் சொல்லக்கூடாது. இது மூன்று வேளைக்கும் சேர்த்து. பக்கத்தில் பொரியலும் அப்பளமும் பாதாம்பருப்பும் கிடையாது.

தவிர, தானியம் என்றுதான் சொன்னார்களே ஒழிய அரிசி என்று சொல்லவில்லை. கடையில் ஒரு வாரம் கம்பு, ஒரு வாரம் சோளம், ஒரு வாரம் கோதுமை. கோவில்பட்டிக் கரிசல்காட்டுக்காரர்களுக்குக் கம்பும் சோளமும் புதுசில்லை. கோதுமைதான் எல்லோரையும் திணற அடித்தது. அதுவரை கோதுமை என்றால் காய்ச்சலில் கிடப்பவனுக்கு டாக்டர் சொல்கிற கஞ்சி. ஆச்சியின் அப்பா கோதுமையை வாங்கிக்கொண்டு வந்ததும் அடுத்த வீட்டில் "யாருக்கு மேலுக்குச் சொகமில்லை?" என்று விசாரித்தார்களாம். முழுக் கோதுமையைச் சோறு மாதிரி வேகவைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு விறகுக் கட்டு எரிந்ததுதான் மிச்சம். அது வேகவே இல்லை.

பெங்களூரில் எம்.டி.ஆர். ஓட்டல்காரர்கள் இதைவிடச் சாமர்த்தியசாலிகள். அரிசித் தட்டுப்பாட்டு நேரத்தில் ரவையில் இட்லி ஊற்றிப் பார்த்து, ரவா இட்லி என்று ஒன்றைக் கண்டுபிடித்தது அந்தப் போரில்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். அடுத்த முறை முந்திரி பதித்த ரவா இட்லியை விண்டு வாயில் போடும்போது ஜப்பான் ராணுவத்தை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளவும்.

எங்க ஊரில் தாராளமாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. உப்பு. கொழும்புக் கடை போனபிறகு ஆச்சியின் அப்பாவுக்கு ஒரு உப்பளத்தில்தான் கணக்கு வேலை கிடைத்தது, பாதிச் சம்பளத்தில். அப்புறம் பனை. சர்க்கரை கிடைக்காவிட்டால் கருப்பட்டி. தை மாசம் பனங்கிழங்கு. 'போரில் யார் ஜெயித்தார்கள் ஆச்சி?' என்றால் 'பனங்கிழங்கு' என்று சொல்லக்கூடியவள் அவள்.

சில்லறைக்கும் பஞ்சம். செம்பு மிச்சமாகட்டும் என்று 1943-லிருந்து காலணாக் காசின் நடுவில் பெரிய ஓட்டை போட்டு அடித்தார்கள். அதுதான் நம் ஓட்டைக் காலணா. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. நூலில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். சினிமாவுக்கும் வெட்டு. பிலிம் தட்டுப்பாடு என்று, படம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்றார்கள். அதுவரை படம் பார்க்கப் போனால் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும், பாட்டு முடியவே முடியாது. இந்த அடிக்கணக்கு வந்த பிறகுதான் 1944 தீபாவளிக்கு பாகவதரின் 'ஹரிதாஸ்' வந்து மூன்று தீபாவளி கண்டது. போரால் தமிழனுக்கு விளைந்த நன்மை என்று தேடினால் இந்த ஒன்றுதான் அகப்படுகிறது.

நான் பி.காம். படித்தவன். படித்ததற்கு இதுவரை பெரிய உபயோகம் ஏற்படவில்லை என்பதால் இந்த ஒரு பாராவில் கணக்குப் பேச அனுமதிக்கவும். பிரிட்டிஷ் சர்க்கார் போருக்காக இந்தியாவில் துணி, தோல், சணல், தானியம் என்று வாங்கித் தள்ளியது. அதற்கான பணத்தை லண்டனில் ஒரு பேரேட்டில் 'இந்தியாவுக்குத் தரவேண்டியது' என்று பவுனில் எழுதிவைத்தது. அந்த எழுத்தைக் காட்டி இங்கே ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டு அடித்தது. போர் முடிவதற்குள் புழக்கத்தில் இருந்த நோட்டு சுமார் ஆறு மடங்காகப் பெருகியது. சாமான் பெருகவில்லை. விலை ஏறாமல் என்ன செய்யும்? கடைசியில் இங்கிலாந்து நமக்குத் தரவேண்டிய பாக்கி சுமார் 130 கோடி பவுன். அதாவது, உலகத்தையே ஆண்ட சாம்ராஜ்யம் எங்க பூட்டியிடம் கைமாத்து வாங்கித்தான் சண்டை போட்டது. பூட்டிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் வட்டி கேட்டிருப்பாள்.

இன்னும் ஒன்று. லண்டனைக் குண்டுவீச்சிலிருந்து காத்த விமானப்படைப் பிரிவுகளில் ஒன்று, 264-ம் ஸ்குவாட்ரன். அதன் முழுப்பெயரே 'மதராஸ் பிரசிடென்சி' ஸ்குவாட்ரன். மதராஸ் ராஜதானியில் யுத்த நிதி வசூல் செய்து கொடுத்ததற்காக வைத்த பெயர். இங்கிலாந்துக்காரன் வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் டீத்தூளை எண்ணி எண்ணிப் போட்டுக் குடித்தானே, அந்தத் தேயிலையிலும் ஒரு பங்கு நம்மவர்கள் பறித்தது. தூத்துக்குடி வழியாகவும் மண்டபம் வழியாகவும் இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் பறித்தது.

இவ்வளவும் நம்மைக் கேட்டுச் செய்ததா? 1939 செப்டம்பர் 3-ம் தேதி இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் அறிவித்தார். யாரையும் கேட்கவில்லை. அதனால்தான் மதராஸில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. லண்டன்காரிக்குச் சிக்கனமாக இரு என்று சொன்னது அவள் ஓட்டுப் போட்ட சர்க்கார். எங்க பூட்டியைச் சிக்கனமாக இருக்கச் சொன்னது, அவள் தெருக்காரர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டுக்கொண்டிருந்த சர்க்கார். 'வெள்ளையனே வெளியேறு' நேரம். 1942 செப்டம்பர் 20-ம் தேதி எங்க கடற்கரையிலேயே, குலசேகரன்பட்டினம் உப்பு இலாகா முகாமில் போராட்டக்காரர்கள் நுழைய, லோன் என்ற துரை கொல்லப்பட்டார். காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் தூக்கு என்று தீர்ப்பானது. பிறகு தண்டனை குறைக்கப்பட்டு உயிர் தப்பினார்கள். அந்த மாசங்களில் சுற்றுவட்டாரத்தில் போலீஸ் வருகிறது என்றால் ஆம்பிளைகள் உடைமரக் காட்டுக்குள் ஓடுவார்களாம். ஜப்பான்காரன் மேலே வருவான் என்று வானத்தைப் பார்ப்பதா, போலீஸ்காரன் வருவான் என்று ரோட்டைப் பார்ப்பதா? கழுத்து வலிதான் மிச்சம்.

வங்காளத்தில் நடந்ததைப் பார்த்தால் நாங்கள் புண்ணியம் செய்தவர்கள். 1943-ல் அங்கே 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர்வரை பசியிலும் அதைத் தொடர்ந்த நோயிலும் செத்தார்கள். அதே வருஷம் இங்கிலாந்தில் ஜனங்களின் ஆரோக்கியம் போருக்கு முன்பிருந்ததைவிடத் தேறியிருந்தது. இது கேலி இல்லை, நிஜம். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவு என்று பிரித்ததில், அதுவரை அரைவயிறு சாப்பிட்ட ஏழைக்கு முழு வயிறு கிடைத்தது.

அங்கே ரேஷன் புத்தகத்தில் கலர் உண்டு. சாதாரண ஆளுக்கு மங்கலான பழுப்பு. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள், ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பச்சை. பச்சைப் புத்தகம் வைத்திருப்பவளுக்குப் பால் கூட, முட்டை கூட, ஆரஞ்சு ஜூஸ், மீன் எண்ணெய் எல்லாம் உண்டு. அந்தப் பச்சைப் புத்தகத்தைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குப் பூட்டி ஞாபகம் வந்தது.

பூட்டி என்றால் ஆச்சியின் அம்மா. 1943-ல் அவளுக்குக் கைக்குழந்தை. ஆச்சியின் கடைசித் தம்பி. வீட்டில் ஆச்சியின் அப்பா, அப்பாவைப் பெற்றவள், இரண்டு பையன்கள், ஆச்சி, பூட்டி, தொட்டிலில் ஒன்று. சர்க்கார் கொடுத்த சீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் சமமாகத்தான் எழுதியிருந்தது. அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கடையிலிருந்து சாமான் வீட்டுக்குள் வந்ததும் இன்னொரு ரேஷன் ஆரம்பிக்கும். அது எந்தச் சீட்டிலும் எழுதாத ரேஷன். முதலில் ஆம்பிளை. அப்புறம் மாமியார். அப்புறம் பையன்கள். அப்புறம் பெண். கடைசியில் ஆக்கினவள்.

ஒருநாள் மத்தியானம் ஆச்சி தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்குப் போனபோது பூட்டி சுவரோரமாகத் திரும்பி நின்று வடித்த கஞ்சியில் உப்பைக் கலக்கிச் செம்போடு குடித்துக்கொண்டிருந்தாள். சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

"சோறு இல்லையாம்மா?"

"நான் அப்பவே சாப்பிட்டாச்சுட்டி."

அன்றையிலிருந்து ஆச்சி கவனிக்க ஆரம்பித்தாள். தினமும் அதே பதில். அப்பவே சாப்பிட்டாச்சு. அந்த 'அப்பவே' எப்போது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. யாரும் பார்த்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. தாத்தாவும் அப்பாவும் நல்லவர்கள்தான், சார். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆச்சி ஒரு வேளை தன் தட்டில் பாதியை எடுத்துவைத்துப் பார்த்திருக்கிறாள். பூட்டி அதைத் தூக்கி ராத்திரி பையன்களுக்குப் போட்டுவிட்டாள்.

இது எங்க வீட்டு அதிசயம் இல்லை. பச்சைப் புத்தகம் கொடுத்த இங்கிலாந்திலேயே, தன் பங்குக் கறியைப் புருஷன் தட்டிலும் பிள்ளை தட்டிலும் வைத்துவிட்டு ரொட்டியோடு எழுந்த அம்மாக்கள் நிறைய. எந்த சர்க்காராலும் அடுப்பங்கரைக்குள் இன்ஸ்பெக்டரை அனுப்ப முடியாது இல்லையா?

பூட்டி 1948-ல் இறந்துபோனாள். நாற்பது வயசு ஆகவில்லை. உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர். ரேஷனால் செத்தாள் என்று நான் எழுத மாட்டேன். ஆச்சியும் அப்படிச் சொன்னதில்லை. "அம்மைக்கு ரத்தமில்லன்னாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

போர் 1945-ல் முடிந்தது. ரேஷன் முடியவில்லை. நம்ம ஊரில் 1952-ல் முதல்வரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். இங்கிலாந்தில் 1954 ஜூலை 4-ம் தேதி கறியோடு கடைசிக் கட்டுப்பாடும் போனது. புத்தகத்தைக் கிழித்துப் போட்டு ஆடினார்கள். நம்மிடம் போன ரேஷன் திரும்பி வந்து, உட்கார்ந்து, குடும்பத்தில் ஒருத்தராகவே ஆகிவிட்டது. சீட்டு அட்டையாகி, அட்டை 2017-ல் ஸ்மார்ட் கார்டாகி, இன்றைக்குத் தமிழ்நாட்டில் இரண்டு கோடிக் கார்டுகளுக்கும் மேல். 2011 ஜூனிலிருந்து அரிசிக்குக் காசு கிடையாது. இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து டிக்கெட் போட முடியாமல் இருப்பதற்குக் காரணம் ரொம்பச் சின்னது. நாளைக்குப் பாமாயில் போடுகிறான், கார்டு வேண்டும்.

எங்க அம்மா கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தது 1985-ல். வந்த முதல் வாரமே அவளுக்கு மாமியார்மேல் ஒரு சந்தேகம். சாப்பாட்டு நேரத்தில் ஆச்சி எல்லோரையும் ஒன்றாக உட்காரச் சொல்வாள். பரிமாறுகிறவளும் தட்டோடு உட்கார்ந்தாக வேண்டும். அதுவாவது சரி. உட்கார்ந்த பிறகு கழுத்தை நீட்டி அம்மா தட்டை எட்டிப் பார்ப்பாள். அப்புறம் எழுந்துபோய்ச் சோற்றுப் பானை மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். தினமும். மருமகள் எவ்வளவு சாப்பிடுகிறாள், பானையில் எவ்வளவு மிச்சம் என்று மாமியார் கணக்குப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் சோறு இறங்கும்? அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா வழக்கம்போலப் பேப்பர் படித்திருக்கிறார்.

நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு மசக்கை. இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. ஆச்சி எதிரிலேயே உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் எவ்வளவு திங்கேன்னு கணக்குப் பாக்கியளா அத்தை?" என்று கேட்டேவிட்டாள்.

"ஆமா தாயி, கணக்குத்தான் பாக்கேன்" என்றாளாம் ஆச்சி. "கம்மியா இருக்கு."

அப்புறம்தான் அந்த வடிகஞ்சிக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அம்மா அழுதுகொண்டே இன்னும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாளாம். எனக்குக் கிடைத்த பச்சைப் புத்தகம் அதுதான்.

ஆச்சி 2014-ல் தவறினாள், 84 வயசில். கடைசி ஒரு வருஷம் யாரையும் அடையாளம் தெரியவில்லை. என்னை யாரோ டாக்டர் என்று நினைத்தாள். ஆனால் கஞ்சியைக் கொண்டுபோய் நீட்டினால், கொடுக்கிறவள் முகத்தைப் பார்த்து "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டு, அவள் சாப்பிட்டேன் என்றால் "எப்போ?" என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை. வேளை சொன்னால்தான் வாயைத் திறப்பாள். வெறுமனே "அப்பவே" என்றால் திறக்க மாட்டாள்.

எனக்குப் போன ஆவணியில் கல்யாணம் ஆனது. பெண் மதுரை. வீட்டில் எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ராத்திரி மொட்டை மாடியில் துணி எடுக்கும் சாக்கில் என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஏங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. அத்தை எதுக்கு டெய்லி என் தட்டை எட்டி எட்டிப் பார்க்கிறாங்க?"

"உட்கார்" என்றேன். "1942-ல் ஆரம்பிக்கணும்."